இரண்டு சிம்னிகள் ஒன்றாகும் இடம்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தில் தொடங்குகிறார்கள். எங்கள் வீட்டில் விமானம் ஏறியது என் அண்ணன் குமார் ஒருவன்தான். பஹ்ரைனில் ஒரு மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். அவன் கட்டுரை எழுத மாட்டான். எங்கள் குடும்பத்தில் கட்டுரை எழுதுகிற அளவுக்குப் படித்தவன் நான், ஆனால் நான் போகிற தூரம் நெட்டுக்குப்பத்திலிருந்து ராயபுரம் வரைக்கும்தான். அங்கே துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஓர் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். காலையில் ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து போவேன். சாயங்காலம் எது கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொண்டு வருவேன். அதையும் பயணம் என்று சேர்த்துக்கொண்டால், இது அந்தப் பயணத்தில் ஒரு வாரம்.

அண்ணன் கிளம்பிய அன்று விமான நிலையத்து வாசலில் என்னிடம் ஒன்று கேட்டான். "டேய் வேலு, தெனம் ஒரு போட்டோ அனுப்பு. மூஞ்சி வாணாம். மூஞ்சிய வீடியோ கால்ல பாத்துக்கறேன். ரோட்ட அனுப்பு." அன்றிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கன்டெய்னர் லாரியின் படிக்கட்டில் தூங்கும் நாய். மழையில் ஒரே குடைக்குள் மூன்று மீன்கூடைகள். ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தா. குட்டியானை வண்டியில் கயிறு கட்டி ஏற்றிப் போகிற பிள்ளையார், கண்ணுக்குத் துணி கட்டியிருக்கிறது.

அவன் அந்தப் படங்களில் நாயையும் பிள்ளையாரையும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பின்னால் என்ன தெரிகிறது என்று பார்ப்பான். கடலில் வலை போட்ட இடத்துக்கு மறுபடி போக வேண்டுமென்றால், எங்கள் ஆட்கள் கரையில் இரண்டு பொருளை மனதில் வைத்துக்கொள்வார்கள். ஒரு கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நேர்க்கோட்டில் வந்தால் அதுதான் இடம். இப்போது படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் கண் அந்தப் பழக்கத்தை விடுவதாக இல்லை. அவன் கரையில் இருக்கிற நாளில், என் படம் போன கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிடும்: "கத்திவாக்கம் தாண்டிட்ட." "எர்ணாவூர்." "இன்னும் அங்கியே நிக்கறியா, லாரி ஜாமா?"

அவனுக்கு மிகவும் உதவுவது அனல் மின்நிலையத்தின் சிம்னிகள். தூரத்தில் ஒரு நெட்டை, இந்தப் பக்கம் கிட்டத்தில் ஒரு குட்டை. நான் போகிற சாலையிலிருந்து பார்த்தால் குட்டை சிம்னி நெட்டைக்கு இடப்பக்கம் நிற்கும். எர்ணாவூர் மேம்பாலம் இறங்கியதும் ஒரு பழைய நிழற்குடை வரும். அதற்கு எதிரில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே சிம்னி இரண்டு புகை விடுவது போல இருக்கும். "அங்க வந்துட்டா வூட்டு வாசல்ல செருப்ப கழட்டற மாதிரிடா" என்பான் அண்ணன்.

அந்த வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கௌரி அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அண்ணனின் ஒப்பந்தம் முடியப் போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், சனிக்கிழமை சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வந்து என்ன செய்வது, கழிமுகத்தில் மீன் எங்கே இருக்கிறது என்று அவன் ஊசலாடிக்கொண்டிருந்தான்.

"காலைல ஒரு வாரம் எனுக்கு நீ வேணும்" என்றாள் அண்ணி.

"இன்னாத்துக்கு?"

"லோடுக்கு."

பிறகு விளக்கினாள். தண்டையார்பேட்டை சபீனா அக்கா அண்ணியின் பழைய தோஸ்து. இரண்டு பேரும் முன்பு ஒரே கம்பெனியில் இறால் உரித்தவர்கள். சபீனா அக்கா இப்போது ஆட்டோ ஓட்டுகிறாள். அவள் வீட்டில் இன்னொரு ஆட்டோ ஓட்ட ஆளில்லாமல் நிற்கிறது. அண்ணி எல்எல்ஆர் போட்டு ரகசியமாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். பாஸ் ஆனால் அந்த ஆட்டோ அவளுக்கு. அவள் கையில் ஒரு வண்டி ஓடினால் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டியா?"

"பாஸ் ஆவாம சொன்னா, 'உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு'ன்னுடுவாரு. பாஸ் ஆய்ட்டு சொன்னா பேச முடியாது. அதுவரைக்கும் நீ மூச்சு வுடாத."

ஆபீசில் சொல்லி அந்த வாரம் மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, ரயில் பாதைக்கு மேற்கே, மணலி போகிற வழியில், லாரிகள் நிறுத்துகிற ஒரு பொட்டல் மைதானத்தில் இறங்கினோம். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. வேலியோரம் ஆடுகள் நெகிழிப் பையை மென்றுகொண்டிருந்தன. சபீனா அக்கா முன்சீட்டில் அண்ணிக்கு இடம் விட்டு ஒண்டிக்கொண்டு, என்னைப் பின்னால் தள்ளினாள். "காலி வண்டியில பழகுனா, ஆள் ஏறுனதும் வண்டி வேற மாதிரி இஸ்க்கும். நீ கம்முனு ஒக்காரு. மூட்டைன்னு நெனச்சிக்கோ."

மூட்டையாக உட்கார்ந்தேன். அண்ணி நன்றாகவே ஓட்டினாள். எதிரில் ஏதாவது வராதவரை. திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தது. அது வலப்பக்கம் ஓட, அண்ணி இடப்பக்கம் திரும்ப நினைத்து, கைப்பிடியை வலப்பக்கம் திருப்பிவிட்டாள். ஆடு தப்பித்தது. ஒரு காலி எண்ணெய் டிரம் தப்பிக்கவில்லை.

"இன்னா கௌரி, ஆட்டத் தொரத்திகினு போற?" என்றாள் சபீனா அக்கா.

எனக்குக் காரணம் புரிந்தது. அண்ணி சின்ன வயதிலிருந்து கழிமுகத்தில் அவள் அப்பாவின் ஃபைபர் படகை ஓட்டியவள். படகில் இன்ஜின் பின்னால் இருக்கும். அதன் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடப்பக்கம் போகும். நிதானமாக இருக்கும்போது அவள் ஆட்டோ ஓட்டினாள். பதறினால் படகு ஓட்டினாள்.

அன்றைய படத்தை அந்த மைதானத்தில்தான் எடுத்தேன்: ஆடுகளும் கவிழ்ந்த டிரம்மும். அனுப்புவதற்கு முன்னால் ஆட்டோவின் கைப்பிடி, கண்ணாடி, அண்ணியின் முழங்கை எல்லாவற்றையும் கவனமாக வெட்டினேன். அண்ணனின் பதில் தாமதமாக வந்தது. "இன்னா எடம்டா இது?"

"கண்டுபுடி" என்று போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரிவர்ஸ். டெஸ்டில் பாதிப் பேர் அதில்தான் கவிழ்கிறார்கள் என்று சபீனா அக்கா காலையிலிருந்தே பயமுறுத்தினாள். அண்ணி பக்கத்திலிருந்த லிவரை இழுத்தாள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், இரண்டு டிரம்களுக்கு நடுவே வண்டியைக் கயிறு போட்டு இழுத்த மாதிரி கொண்டுபோய் நிறுத்தினாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ரிவர்ஸில் கைப்பிடியைத் திருப்புகிற பக்கம் வண்டியின் பின்புறம் போகும். படகிலும் அப்படித்தான்.

"ஒண்ணு பண்ணு கௌரி" என்றாள் சபீனா அக்கா. "நீ கஸ்டமர ரிவர்ஸ்லயே கூட்டினு போயிடு. மெட்ராஸ்லயே உனுக்குதான் பேரு."

அன்றைக்கு அந்த டிரம்களை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். அண்ணனின் பதில், "சாப்ட்டியா?" அவ்வளவுதான். மதியம் ஆபீஸ் போகிற வழியில் இடியாப்பம் பாயா சாப்பிட்டதை நான் விரிவாக எழுதி அனுப்பினேன். சும்மாதான் கேட்டான் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாலைக்கு இறங்கினோம். சாலை என்றால் எண்ணூர் நெடுஞ்சாலை இல்லை. அதன் பக்கத்து ரோடு, அதிலும் ஒரு பக்கம் முழுக்கத் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினாள் அண்ணி. கேட் திறந்தபோது இன்ஜின் கிளம்பவில்லை. பின்னால் ஒரு ஊரே ஹாரன் அடித்தது. "மூட்டை, எறங்கித் தள்ளு" என்றாள் சபீனா அக்கா. தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனேன். என் பேன்ட்டில் சாம்பல். மின்நிலையத்துச் சாம்பல் எங்கள் பக்கத்தில் பவுடர் மாதிரி, யாருக்கும் வித்தியாசமில்லாமல் பூசிவிடும்.

இன்ஜின் ஆறட்டும் என்று, பாதையைத் தாண்டி மேற்குப் பக்கம் ஒரு லாரியின் நிழலில் நின்றோம். அதன் ஓட்டுநர் பீகார்க்காரர். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டே போனில் பேசினார். ஆபீசில் பழகிய இந்தியில் எனக்குப் பாதி புரிந்தது. "இல்லை, வண்டி நகரவில்லை. நேற்று சொன்னேனே, ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். இன்றைக்கும் அதே வேப்பமரம்தான். நீ அழாதே, வேப்பமரத்துக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது." போனை வைத்ததும் எங்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு ரொட்டியும் உருளைக்கிழங்கும் நீட்டினார். அண்ணி வாங்கி மெதுவாகச் சாப்பிட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள், "இன்னா சொன்னாரு வூட்ல?" சொன்னேன். அவள் அந்த வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்கண்ணனுக்கு அது கூடக் கெடையாது. தண்ணிதான். அங்க அலையே இல்லியாம், தகடு போட்ட மாதிரி கீதாம்."

ஸ்டவ்வையும் சக்கரத்தையும் படமெடுத்து அனுப்பினேன். அண்ணன் கேட்டான்: "ஆபீஸ்ல எல்லாம் நல்லா கீதா?"

"சோக்கா கீது" என்று போட்டேன்.

வியாழக்கிழமை காலைப் பழக்கம் ஒழுங்காக நடந்தது, எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ராத்திரிதான். வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன்ன ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லிக்கீறான். நான் கேப்பேன். உனுக்கு வேல போய்ட்ச்சா?"

"யாரு சொன்னது?"

"அவன்தான். மத்தியானம் போன் போட்டான். நீ அனுப்பற போட்டோல ரெண்டு சிம்னியும் பக்கம் மாறிக்கீதாம். இடது பக்கம் நிக்க வேண்டிய குட்டை, வலது பக்கம் நிக்குதாம். அப்டீன்னா நீ ரயில்ரோட்டுக்கு அந்தாண்ட கீறியாம். ஆபீஸ் போற நேரத்துல தெனம் ஒரு பொட்டல்ல போயி நின்னுகினு கீறியாம். வேல போனத சொல்ல வெக்கப்பட்டுகினு சுத்தறான், நீ ஒண்ணும் கேக்காத, அவனுக்கு வேற வேல கெடைக்கற வரைக்கும் நான் இங்கியே இருக்கறேன், சனிக்கெழம கையெழுத்துப் போட்டுடறேன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? ஆட்டோ கதைய வாயத் தொறக்கக் கூடாதுன்னு உங்கண்ணி சத்தியம் வாங்கி வெச்சிக்கீறா. கம்முனு இருந்தேன். அத ஆமான்னு எடுத்துக்கினான்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "நெஜமாவே நீ மத்தியானம் ஆபீசுக்குத்தான போற?"

போனை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். ஆடு, டிரம், ஸ்டவ். மூன்றிலும் பின்னால், வானத்தின் அடியில், தீக்குச்சி அளவில் இரண்டு சிம்னிகள். முழங்கையை வெட்டியவன் அவற்றை வெட்டவில்லை. வேறு யாருக்கு அனுப்பியிருந்தாலும் அவை வெறும் சிம்னிகள். மீன்பிடிக்கிறவனுக்கு அது விலாசம். இந்த வீட்டில் பிறந்த நானே அதை மறந்துபோயிருந்தேன். இடத்தை அவன் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தான். நான் அங்கே ஏன் நிற்கிறேன் என்பதைத்தான் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டான்.

அண்ணனைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. படகு கடலுக்குப் போய்விட்டது, சனிக்கிழமை காலைதான் கரை. கரை ஏறியதும் நேராகக் கம்பெனி ஆபீஸ். "வேல போகல. கையெழுத்துப் போடாத" என்று அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

"நம்ப மாட்டாரு" என்றாள் அண்ணி. அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நீ ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பாரு."

"அப்ப ஆட்டோ விஷயத்தச் சொல்லிடலாம்."

"சொல்லிட்டு, நாளைக்கு நான் ஃபெயில் ஆய்ட்டா? அவரு எத நம்பி வருவாரு?"

அண்ணி என் போனை வாங்கி மூன்று படங்களையும் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அண்ணன் தம்பி வெளையாட வேற ஒண்ணும் கெடைக்கல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சபீனா அக்கா ஆட்டோவைக் கழுவி, கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை தொங்கவிட்டு வந்தாள். அன்றைக்கென்று நெடுஞ்சாலையில் லாரிகள் வாலும் தலையுமாக நின்றன. திருவொற்றியூர் சந்துகளில் புகுந்து, ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் நகர்ந்து, தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு, கடைசிப் பெயரைக் கூப்பிடுகிற நேரத்துக்குத்தான் டெஸ்ட் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணியின் பெயர்தான் கடைசி.

இன்ஸ்பெக்டர் கொடிகள் நட்டிருந்த தடத்தைக் காட்டினார். வளைந்து வளைந்து போக வேண்டும். நானும் சபீனா அக்காவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம். முதல் வளைவில் வண்டி ஒரு கணம் தயங்கியது. அண்ணியின் உதடு அசைவது தெரிந்தது. "இன்னா சொல்றா, மந்திரமா?" என்றாள் சபீனா அக்கா. எனக்கு உதட்டைப் படிக்க முடிந்தது. படகு இல்ல, படகு இல்ல, படகு இல்ல. ஒரு கொடியும் விழவில்லை. பிறகு ரிவர்ஸ். அதை நான் பார்க்கக்கூட இல்லை, இன்ஸ்பெக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரிவர்ஸ் எங்கம்மா கத்துக்கிட்டே?"

"கழிமுகத்துல சார்."

அவர் அது ஏதோ டிரைவிங் ஸ்கூல் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு 'பாஸ்' என்றார். லைசென்ஸ் தபாலில் வரும் என்றார். சபீனா அக்கா அண்ணியின் கன்னத்தைக் கிள்ளினாள், பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "மூட்டைக்கும் சேத்து அத்தோ வாங்கிக் குடு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தள்ளுவண்டியில் நின்று, நூடுல்ஸும் வெங்காயமும் புளியும் கையால் பிசைந்து தருகிற அந்த அத்தோவை, வாழைத்தண்டு சூப்போடு சாப்பிட்டோம். அண்ணி பாதியில் தட்டை வைத்தாள். "வா, போட்டோ எடுக்கணும்."

அவளே ஓட்டினாள், சபீனா அக்கா பக்கத்தில். பின்னால் நான். மேம்பாலம் இறங்கி நிழற்குடைக்கு எதிரே ஓரமாக நிறுத்தினாள். நின்றிருந்த லாரி வரிசைக்கு மேலே, தூரத்தில், சிம்னிகள். நான் போனை எடுத்தேன்.

"இரு" என்றாள் அண்ணி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "குட்டை லேசா வெளிய நிக்குது."

லிவரை இழுத்தாள். வண்டி ஓர் ஆள் நீளம் பின்னால் வந்தது. இன்னும் கொஞ்சம். குட்டை சிம்னி மெல்ல நகர்ந்து நெட்டையோடு ஒட்டி மறைந்தது. ஒரே சிம்னி, இரண்டு புகை.

"இப்ப எடு. எதையும் வெட்டாத."

பின்சீட்டிலிருந்து எடுத்தேன். அண்ணியின் தோள், கைப்பிடியில் இரண்டு கைகள், கண்ணாடியில் மல்லிகைக்கு நடுவே அவள் முகம், முன்னால் சிம்னி. மூஞ்சி வேண்டாம் என்று சொன்னவனுக்கு முதல் தடவையாக ஒரு மூஞ்சி. ஒற்றை டிக்.

சனிக்கிழமை காலை கழிமுகத்தோரம் டீக்கடை முன்னால் ஆட்டோ நின்றது. அண்ணி ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்சீட்டில், யாரோ கூட்டிப்போகப் போவது போல முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. நான் போனைப் பார்த்தபடி டீயை ஆறவிட்டேன். டிக் இரண்டாகியது. கொஞ்ச நேரத்தில் நீலமாகியது.

"ரெண்டும் ஒண்ணா நிக்குது. நெழக்குட" என்று வந்தது.

பிறகு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓட்டறது யாரு?" என்றான் அண்ணன்.

"கை தெரியல உனுக்கு?" என்றாள் அண்ணி.

அந்தப் பக்கத்து வண்டிச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் சொன்னான். "கம்பெனி வாசல்ல நிக்கறேன். உள்ள பேனாவ வெச்சிக்கினு ஒருத்தன் ஒக்காந்துகினு கீறான். வேலுவுக்கு வேல..."

"அவன் வேல அவன் கைல பத்திரமா கீது. தெனம் காலைல எனுக்கு லோடுக்கு வந்தான். நேத்து பாஸ் பண்ணிட்டேன்."

அண்ணன் சிரித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு அவன் குரல் சரியாகி வந்தது. "பின்னாடி எடம் கீதா?"

"கீது. ஆனா வழி சொல்லாம ஒக்காரணும்."

"சரி. கையெழுத்து இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

அன்றைக்கு நான் பஸ்ஸில் ஆபீஸ் போனேன். அண்ணிக்கு அம்மாவே லோடு. திருவொற்றியூர் தாண்டும்போது போன் அதிர்ந்தது. அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அங்கே போனதிலிருந்து அவன் அனுப்பிய முதல் படம். மூஞ்சி இல்லை. அகலமான, சுத்தமான ஒரு ரோடு, பெயர் தெரியாத மரங்கள், ஒரு பஸ் நிறுத்தம். நேர் பார்க்க ஒரு கோபுரமோ சிம்னியோ இல்லை. கீழே எழுதியிருந்தான்: "எங்க கீறேன், சொல்லு."

படத்தைப் பெரிதாக்கி மூலைமூலையாகத் தேடிப் பார்த்தேன். பஸ் டோல்கேட்டில் நின்று, ஒரு மீன்கூடையையும் அதன் சொந்தக்காரியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் பதில் போட்டேன்.

"வூட்டுக்கு வந்துகினு கீற."